பூட்டுக்கு விழுந்த ஓட்டு

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை இதுவரை யாரும் முறையாக எழுதவில்லை. எழுதத் தகுதியுள்ளவர்களுக்கு நேரமில்லை. நேரமுள்ளவர்களில் என்னைத் தவிர வேறு யாருக்கும் எழுத வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மதியத்துக்கு மேல் அங்கே வேலை குறைவு. ஆகவே வரலாற்றுக்கு என்னாலான தொண்டு இது.

முதலில் தொகுதியைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்கு இந்தப் பக்கம் வங்கிகள், அலுவலகங்கள், மாடி வீடுகள். அந்தப் பக்கம் கிடங்குகள், பட்டறைகள், மாடி எழுப்ப ஆசைப்படும் வீடுகள். இரண்டும் சேர்ந்ததுதான் தொகுதி. ஒருமுறை எல்லை மறுவரையறைக் குழு வந்து தொகுதியை நேர்த்தியாக்குகிறேன் என்று கோடு கிழித்ததில், என் தம்பி வீட்டுச் சமையலறை பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. முறையிட்டோம். "வாக்காளர் எங்கே உறங்குகிறாரோ அதுவே அவருடைய தொகுதி" என்று பதில் வந்தது. தம்பி மனைவி கோபித்துக்கொண்டு சமையலறையில் போய்ப் படுக்கும் நாட்களில் அவள் எந்தத் தொகுதி என்பதை இன்றுவரை யாரும் தெளிவுபடுத்தவில்லை.

எங்களை ஆண்டவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். குடைச் சின்னத்துக் கட்சியும் மின்விசிறிச் சின்னத்துக் கட்சியும்தான் மாறி மாறி ஜெயித்து வந்தன. முதல் உறுப்பினர் குடைக்காரர். நன்றாகப் பேசுகிறாரே என்று அனுப்பி வைத்தோம். தலைநகரம் போனதும் பேச்சு நின்றுவிட்டது. அடுத்தவர் விசிறிக்காரர். அவர் பேசினார். என்ன பேசினார் என்று விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டுவதாக எல்லோருமே சொன்னார்கள். ஒருவர் மட்டும், ரயிலை நிறுத்திவிட்டால் பாலமே தேவையில்லை என்று புதிதாக யோசித்தார். அவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்தோம்.

இப்படிப்பட்டவர்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் ஜெயிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததால்தான்.

எங்கள் தொகுதியின் தனிப் பெருமையே அதுதான். இங்கே யாரும் ஓட்டை வீணாக்குவதில்லை. தோற்கப் போகிறவருக்குப் போட்டால் அது வீண். ஜெயிக்கப் போகிறவருக்குப் போட்டால் அது உருப்படியான ஓட்டு. மற்றத் தொகுதிக்காரர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் ஏனோ புரிவதில்லை. தங்களுக்குப் பிடித்தவருக்குப் போட்டுவிட்டு, முடிவு வரும் அன்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து வயிறெரிகிறார்கள். நாங்கள் யார் ஜெயிப்பார் என்று முதலில் விசாரித்துக்கொள்வோம். பிறகு எல்லோரும் சேர்ந்து அவரை ஜெயிக்க வைப்போம். விசாரித்தது எத்தனை சரி என்று பிறகு எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

விசாரிக்கும் இடம் சலூன் மாஸ்டரின் கடை.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அது இருக்கிறது. ஒரு சுழல் நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி. ஒரே ஒரு சலூன் எப்படி ஒரு நாடாளுமன்றத் தொகுதியை நடத்த முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் பின்னந்தலை முடியைத் தானே வெட்டிக்கொள்ள யாராலும் முடியாது. சலூன்காரர்களுக்கும் இதே கதிதான். தொகுதியிலுள்ள மற்ற சலூன்காரர்கள் அத்தனை பேரும் முடிவெட்டிக்கொள்ள எங்கள் மாஸ்டரிடம்தான் வருவார்கள். இங்கே கேட்டதைத் தங்கள் கடையில் போய்ச் சொல்வார்கள். ஒரு வாரத்துக்குள் தொகுதியின் ஆண் தலைகள் அனைத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆண்கள் வீட்டுக்குப் போய், தாங்களே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி மனைவியிடம் சொல்வார்கள். மனைவி நம்பாமல் பக்கத்து வீட்டில் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே மாதிரி ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவராக இருப்பார்.

மாஸ்டருக்கு அரசியல் தெரியுமா என்றால், ஒரு துளியும் தெரியாது. தொழிலில் அவர் கடைப்பிடிப்பது ஒரே விதி. நாற்காலியில் இருப்பவரை மறுத்துப் பேச மாட்டார். "இந்தத் தடவை குடைதானே மாஸ்டர்?" என்றால், "ஆமா சார்." நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரு விதி உண்டு. தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி இருக்கும்போது, கத்தி பிடித்தவரை மறுத்துப் பேச மாட்டார். ஆகவே அந்தக் கடையில் கருத்து வேறுபாடு என்ற ஒன்று எழுந்ததே கிடையாது. தேர்தல் அறிவித்ததும் முதலில் வந்து உட்காருகிறவர் குடை என்பார். மாஸ்டர் ஆமா என்பார். பெஞ்சில் காத்திருப்பவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தங்கள் முறை வரும்போது, "குடைதானாமே?" என்பார்கள். "ஆமா சார்." அதோடு குடை ஜெயித்துவிடும். வாக்குப்பதிவு என்பது அதற்குப் பிறகு அரசாங்கத்தின் திருப்திக்காக நடப்பது.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கருத்துக் கணிப்பு என்கிற மோஸ்தர் ஊருக்குள் வந்தது. கழுத்தில் அட்டையும் கையில் பலகை மாதிரி ஒரு கருவியுமாக இளம்பெண் ஒருத்தி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், இந்தத் தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"யார் ஜெயிப்பாங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் உங்ககிட்ட கேக்கறோம்."

"நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னாத்தானேம்மா நான் போட முடியும்?"

"நீங்க சொன்னாத்தான் சார் நாங்க கண்டுபிடிக்க முடியும்."

"அப்போ ரெண்டு பேருமே கீழ மாஸ்டரைக் கேட்டுக்கலாம்."

அவள் கருவியில் எதையோ தட்டிக்கொண்டு போய்விட்டாள். தொகுதி முழுக்க எல்லோரும் இதையே சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த வாரக் கடைசியில் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட தேர்தல் நிபுணர் ஒருவர் எங்கள் தொகுதியின் படத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கி, "இங்கே மாஸ்டர் என்ற வேட்பாளர் யாரும் நெருங்க முடியாத முன்னிலையில் இருக்கிறார். இவர் எந்தக் கட்சி என்று எங்கள் தரவில் இல்லை" என்று அறிவித்தார்.

என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "முகத்துல நுரை பூசினதும் உங்க எல்லாருக்கும் மூளை நின்னுபோயிடுது. அவர் பாவம், மாட்டிக்கப் போறார் பாருங்க" என்றாள். அவள் சொன்னது பலித்தது.

எங்கள் தொகுதிக்கு அப்போது வந்திருந்த தேர்தல் அதிகாரி மிகவும் நேர்மையானவர். பிரச்சினையே அதுதான். நேர்மை குறைந்தவராக இருந்திருந்தால், அவரும் கீழே வந்து முடிவெட்டிக்கொண்டு போயிருப்பார். இவர் நிபுணர் சொன்னதைக் கேட்டுவிட்டு மாஸ்டருக்கு ஒரு ஓலை அனுப்பினார். 'தாங்கள் மேற்படி முகவரியில் முடிதிருத்தகம் என்ற பெயரில் பதிவு பெறாத கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருவதாக இவ்வலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. தாங்கள் நேரில் தோன்றி விளக்கமளிக்கத் தவறும்பட்சத்தில், தங்களிடம் விளக்கம் ஏதும் இல்லையெனக் கருதப்படும்.'

மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், கடையை மூடிடுவாங்களா? இதை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே. ரெண்டு பொண்ணுங்க படிக்குது சார்."

"பயப்படாதீங்க, நான் வர்றேன்" என்றேன். அலுவலகம் எப்படிப் பேசும் என்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு அலுவலகம்தானே.

தேர்தல் அலுவலகத்தில் நீளமான மேசை. மேசை முழுக்கக் கோப்புகள். அவற்றுக்குப் பின்னால் அதிகாரி. எங்களை உட்காரச் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர்.

"உங்க ஆய்வுக்கு எத்தனை பேர்கிட்ட கேள்வி கேக்கறீங்க?"

"நான் யார்கிட்டயும் கேக்கறதில்லை சார். அவங்கதான் என்கிட்ட கேப்பாங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். "ஆட்களை எந்த அடிப்படையில தேர்ந்தெடுக்கறீங்க?"

"முடி வளர்ந்தவங்க வருவாங்க சார்."

"உங்க முடிவுகள்ல பிழை எவ்வளவு வரும்?"

மாஸ்டர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு, "எப்பவாவது ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் ஏறிடும் சார். உடனே அடுத்த பக்கத்தையும் ஏத்திச் சமமாக்கிடுவேன்" என்றார்.

அதிகாரி பேனாவை வைத்தார். "பிழையை மறைக்கறீங்க" என்றார்.

நான் குறுக்கிட்டேன். "சார், இவருக்கு எதுவுமே தெரியாது. கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லுவார். அவ்வளவுதான்."

"அது எப்படிங்க? ஒண்ணும் தெரியாதவர் சொல்றதெல்லாம் எல்லாத் தேர்தல்லயும் சரியா இருக்குமா? பழைய முடிவுகளைப் பார்த்துட்டுத்தான் பேசறேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

உண்மையில், அந்தக் கணம் எனக்கே மாஸ்டர்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது. தேர்தல் முடியும்வரை தேர்தலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. மாஸ்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பேசாமல் இருப்பது அவருக்குச் சுலபம். கடையைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

மறுநாள் காலை கிடங்குக் கணக்குப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, "குடைதானே மாஸ்டர்?" என்றார். மாஸ்டர் பேசவில்லை. கத்திரி மட்டும் பேசியது.

பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆமான்னு சொல்லலை பார்த்தீங்களா? அப்போ குடை இல்லை."

அடுத்தவர் உட்கார்ந்து, "விசிறியா மாஸ்டர்?" என்றார். அதற்கும் பதிலில்லை. பெஞ்சு குழம்பிப்போய்க் கூரையைப் பார்த்தது. கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"யோவ், வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதான் மேல காட்டறார்!"

விசிறி ஜெயிக்கப் போகிறது என்ற செய்தி அன்றைக்கே ரயில் பாதையைத் தாண்டிவிட்டது. குடைக் கட்சியினர் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், வாக்காளர்களின் தலைக்கு மேலேயே எதிர்க் கட்சியின் சின்னம் சுற்றுகிறது என்று புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்து பார்த்தார். சுற்றத்தான் செய்தது. நிறுத்தச் சொன்னார்.

விசிறி நின்றது. கடையில் புழுங்கிய புழுக்கத்தில், வெட்டிய முடியெல்லாம் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் பெஞ்சுக்கு அந்தக் கஷ்டம் தெரியவில்லை. "நேத்து வரைக்கும் ஓடின விசிறியை இன்னைக்கு நிறுத்திட்டார்னா என்ன அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டார். அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. குடை எழுந்தது. அன்று மழை வேறு பெய்து, வந்தவர்கள் எல்லோரும் வாசலில் குடையை மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். விசிறிக் கட்சியினர் அதைப் படம் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

அதிகாரி இப்போது இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக நடந்துகொள்ள முடிவு செய்தார். விசிறியைக் கழற்றச் சொன்னார். குடையோடு வருகிறவர்களுக்கு முடிவெட்டக் கூடாது என்றார். கண்காணிப்புக் குழு ஒன்று கேமராவுடன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. அதனால் பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் தெருவில் நின்றார்கள். தெருவில் கூட்டம் நிற்பதைப் பார்த்து, மாஸ்டர் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று இன்னும் கூட்டம் வந்தது. குழுவில் ஒருவர் கடமை தவறாமல் முகச்சவரமும் செய்துகொண்டு, எழுந்திருக்கும்போது மாஸ்டர் காதோரம் குனிந்து, "எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் அழாத குறை. "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னை விட்டுடுங்க" என்று இரண்டு கையையும் விரித்தார். இரண்டு கையிலும் எத்தனை விரல் விரித்தார் என்று தெருவில் விவாதம் நடந்தது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். வாக்குப்பதிவு முடியும்வரை கடையை மூடி முத்திரை வைப்பது. பேச்சும் இருக்காது, பேசாமையும் இருக்காது, விசிறியும் இருக்காது, குடையும் இருக்காது. மக்கள் தங்கள் மனசாட்சியைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. அலுவலகக் கிடங்கிலிருந்து பெரிய பித்தளைப் பூட்டு ஒன்று வந்தது. இரும்புக் கதவை இழுத்து மூடி, பூட்டைப் போட்டு, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, அதில் அரசாங்க முத்திரையை அழுத்தினார்கள். மாஸ்டர் தன் கத்திரியையும் சீப்பையும் மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியில் நின்றார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உத்தரவில் மூன்று கையெழுத்து இருந்தது.

இந்த இடத்தில் வரலாற்றுக்குள் ஒரு புதியவர் வருகிறார். தேர்தல் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ்காரர். வேட்பாளர்கள் எல்லோருக்கும் வேட்புமனுப் படிவத்தை நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கடைசியில் ஒரு நகல் மிஞ்சிவிட்டது. நல்ல காகிதம். வீணாக்க மனமில்லாமல் அதைத் தன் பெயரில் நிரப்பி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சுயேச்சை. சின்னம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எது மிச்சமிருக்கோ அதைக் கொடுங்க" என்றார். பூட்டு மிச்சமிருந்தது. தெருவெல்லாம் ஒட்டிய வேட்பாளர் பட்டியலின் கடைசி வரியில் அதுவும் ஏறியது. வீட்டில் சொன்னால் மனைவி திட்டுவாள் என்று சொல்லவே இல்லை. ஒரு துண்டுப் பிரசுரம்கூட அடிக்கவில்லை. சொந்தமாக இயந்திரம் வைத்திருந்தும்.

மாஸ்டர் கடை வாசலில் கூட்டம் கூடியது.

"மாஸ்டர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலை. கடை பூட்டியிருக்கு."

"பூட்டியிருக்கா?"

கேட்டவர் பூட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் காதில் விழுந்ததும் மாஸ்டர் வீட்டிலிருந்து ஓடி வந்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஐயா, இது நான் போட்ட பூட்டு இல்லை! சர்க்கார் போட்டது! முத்திரையைப் பாருங்க!"

கூட்டம் முத்திரையைப் பார்த்தது. "அட, சர்க்காரே பூட்டுப் பக்கம்தான் நிக்குதா?" என்றார் கிடங்குக் கணக்குப்பிள்ளை.

அலுவலகத்திலும் யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவசரக் கூட்டம் நடந்தது. பூட்டை எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரின் சின்னத்தை மட்டும் பொது இடத்திலிருந்து அகற்றினால் அது பாரபட்சம். எடுக்காமல் நியாயமாக இருக்க வேண்டுமானால், பக்கத்திலேயே ஒரு குடையையும் ஒரு மின்விசிறியையும் முத்திரை வைத்துத் தொங்கவிட வேண்டும். கிடங்கில் மின்விசிறி இல்லை. வாங்க வேண்டுமானால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். ஆகவே உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள்.

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. பூட்டு ஜெயித்தது. குடையும் விசிறியும் எங்கே போயின என்று தேட வேண்டியிருந்தது. முடிவைச் சொல்ல ஆட்கள் போனபோது ஜெராக்ஸ்காரர் யாருடைய கல்விச் சான்றிதழையோ இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "எங்கயோ தப்பு நடந்திருக்கு, இன்னொரு தடவை எண்ணச் சொல்லுங்க" என்றார். தோற்றவர்கள் மறு எண்ணிக்கை கேட்பது உண்டு. ஜெயித்தவரே கேட்டது எங்கள் தொகுதியில்தான். எண்ணினார்கள். இன்னும் கொஞ்சம் கூடியது.

தொகுதியில் முதன்முறையாக யாருடைய தலையீடும் இல்லாமல் மக்கள் சுயமாகச் சிந்தித்து வாக்களித்ததற்காகத் தேர்தல் அதிகாரிக்குப் பாராட்டும் பதவி உயர்வும் கிடைத்தன. அவர் ஊர் மாறிப் போனார். பூட்டின் சாவியும் அவர் கோப்புகளோடு போய்விட்டது. தேர்தல் அலுவலகத்தையே அடுத்த தேர்தல்வரை மூடிவிட்டார்கள்.

மாஸ்டர் நகராட்சிக்குப் போனார். அங்கே அவருக்கென்று ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. நெடுநாள் மூடிக் கிடக்கும் கடைக்கு உரிமம் செல்லாது. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆய்வாளர் வந்து கடையைப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டுமென்றால் கடை திறந்திருக்க வேண்டும்.

"அப்போ திறந்து விடுங்க சார்" என்றார் மாஸ்டர்.

"உரிமம் இல்லாத கடையை எப்படித் திறக்கறது?" என்றார்கள்.

மிச்சமிருந்தது புதிய உறுப்பினர்தான். நானும் மாஸ்டரோடு போனேன். ஜெராக்ஸ்காரர் நல்ல மனிதர், எழுந்து வந்து மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைச் சுற்றிப் புதிதாக ஏழெட்டுப் பேர் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் போன மாதம் குடையோடும் மீதிப் பேர் விசிறியோடும் நின்றவர்கள்.

"மாஸ்டர், நான் இந்த நாற்காலியில உக்கார்ந்திருக்கறதே உங்களாலதான். உங்க கடையைத் திறக்கறதுதான் என் முதல் வேலை. இன்னைக்கே பூட்டை உடைச்சிடலாம்."

வெள்ளைச் சட்டை ஒன்று பதறியது. "என்ன தலைவரே இது! நம்ம சின்னத்தை நாமே உடைக்கறதா?"

"உடைக்க வேணாம் சார், ஒரு சாவி செஞ்சு திறந்தாப் போதும்" என்றார் மாஸ்டர்.

"வாக்குச்சீட்டுல இருந்த பூட்டைப் பார்த்தீங்களா? மூடித்தான் இருந்தது. மூடின பூட்டுக்குத்தான் மக்கள் ஓட்டுப் போட்டிருக்காங்க. திறந்த பூட்டுக்கு இல்லை" என்றது இன்னொரு வெள்ளைச் சட்டை.

ஜெராக்ஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். மக்கள் தீர்ப்பு என்று வந்துவிட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்? மறுவாரம் கடை வாசலில் பூட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். மேலே விளக்குப் பொருத்தினார்கள். காவலுக்கு ஓர் ஆள் வைத்தார்கள். 'மக்கள் மனசாட்சி நினைவிடம்' என்று பலகை வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டினார்கள். மாஸ்டரின் சின்னப் பெண்ணும் அந்த வரிசையில் வந்து, அப்பா கடையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் இப்போது வேலிக்கு வெளியே நடைபாதையில் தொழில் செய்கிறார். சுழல் நாற்காலி உள்ளேயே மாட்டிக்கொண்டதால் என் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பெஞ்சுக்குப் பதில் யாரோ ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் தொழில் இல்லை. நடைபாதையில் கடை போட்டதற்காக நகராட்சி ஆள் வாரம் ஒருமுறை வந்து விரட்டுவார். விரட்டுவதற்கு முன் முடிவெட்டிக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்கு உட்கார்ந்தேன். பலகையில் கிடங்குக் கணக்குப்பிள்ளையும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். மாஸ்டர் நுரையைக் குழைத்துப் பூசினார். ஆள் இளைத்திருந்தார். எனக்கு மனசு உறுத்தியது. நானும் பூட்டுக்குத்தான் போட்டிருந்தேன்.

"மாஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"பூட்டுக்குத்தான் சார்."

"உங்க கடையைப் பூட்டின பூட்டுக்கா?"

"எல்லாரும் பூட்டுதான் வரும்னு சொன்னீங்களே சார். நான் மட்டும் எதுக்கு என் ஓட்டை வீணாக்கணும்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சரி, யாரும் எதுவும் சொல்லாம இருந்திருந்தா? உங்களுக்கா யார் வரணும்னு இருந்தது?"

மாஸ்டர் தீட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையே சார். யார் வருவாங்கன்னுதான் இத்தனை வருஷமும் கேட்டீங்க."

"இப்போ நான் கேக்கறேன். சொல்லுங்க."

காவலுக்கு நின்றவர்கூட வேலிப் பக்கம் சாய்ந்தார். கணக்குப்பிள்ளை நன்றாகக் கேட்கட்டும் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

"நீங்க முதல்ல சொல்லுங்க சார். உங்களுக்கு யார் வரணும்?"

நான் வாயைத் திறந்தேன். படித்தவன், இந்த வரலாற்றையே எழுதிக்கொண்டிருக்கிறவன். எதுவும் வரவில்லை. உதவிக்குப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பார்க்க ஆளில்லாமல் தெருவைப் பார்த்தார். என் முகத்தில் நுரை காய்ந்து இழுக்க ஆரம்பித்தது.

மாஸ்டருக்கு எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. பேச்சை மாற்றினார்.

"மீசையை எப்படி வைக்கட்டும் சார்?"

"உங்க இஷ்டம் மாஸ்டர்" என்றேன்.